காப்புக் கட்டிய ஊரில் ஒரு கைமண்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். எங்கள் பேருந்தின் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவர் போன நிதானத்தைப் பார்த்ததுமே நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சிங்கப்பூரில் ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்புச் செய்வார்கள். இங்கே பக்கத்து இருக்கைப் பெண்மணி மடியிலிருந்த பையைப் பிரித்து, வெந்தயக்கீரையை ஆய ஆரம்பித்துவிட்டார்.

"எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்றேன்.

"மன்னார்குடி வண்டி வந்திருக்கு. இன்ஜினக் கழட்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டணும்ல. நீங்க எறங்கி டீ குடிங்க."

இறங்கினேன். டீ, பிறகு மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காய், பிறகு இன்னொரு டீ. குடவாசலில் நான் பிடிக்கவேண்டிய மினி பஸ் எனக்காக நிற்காது என்று வெள்ளரிக்காய் விற்றவரே சொல்லிவிட்டார்.

நான் சுற்றிப் பார்க்க வந்தவள் அல்ல. சிங்கப்பூரில், குடியிருப்புப் பேட்டைக் கடைத்தொகுதி ஒன்றின் கீழ்த்தளத்தில் துணி திருத்தித் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள் கோகிலா. குடவாசல் பக்கத்து ஊர்க்காரி. நான் தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகளுக்குச் சட்டை, சாக்லேட், பேனா, கணவருக்குத் தைலம். கூடவே ஒரு செய்தியும் கொடுத்தாள். அதுதான் பையைவிடக் கனம்.

"பங்குனிக்கு வந்துடுறேன்னு யாழினிகிட்ட சொல்லியிருக்கேன்கா. வர முடியாது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுக்கு இன்னும் தளம் போடல. போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க நேர்ல சொல்லிடுங்க. நீங்கதான் எதையும் பட்டுனு சொல்லுவீங்கள்ல."

அது உண்மைதான். பட்டென்று சொல்லித்தான் பாதி வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். ஒரு மணி நேர வேலை, சொல்லிவிட்டு இரவுக்குள் தஞ்சாவூர் அறைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஊருக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அறுவடை முடிந்த வயல்களில் நெல் தாளுக்கு நடுவே உளுந்துச் செடி முழங்காலளவு நின்றது. ஆட்டோக்காரர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது "சோழசூடாமணி ஆறு" என்றார். பெயரில் இருந்த கம்பீரம் ஆற்றில் இல்லை. மேட்டூர் அணையை மூடிய பிறகு வரும் பங்குனி அது. மணலில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன.

கோகிலாவின் வீட்டில் செங்கல் சுவர் நின்றது. மேலே தகரம் போட்டிருந்தார்கள். வாசலில் யாழினி நின்றாள். பன்னிரண்டு வயது, இரட்டைச் சடை, அம்மாவின் அதே அகலக் கண். நான் ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் எனக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"வாங்க பெரியம்மா. அம்மா எப்ப வருது?"

அம்மாவுக்கு நான் அக்கா என்றால் மகளுக்குப் பெரியம்மாதான். அந்த வார்த்தையை என்னை நோக்கி யாரும் சொல்லி வெகு காலம் ஆகிவிட்டது. என் மகன் மெல்பர்னிலிருந்து தினமும் காலையில் பூப்படம் ஒன்று அனுப்புவான். அதற்கு நான் ஒரு கும்பிடு அனுப்புவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

"முதல்ல தண்ணி குடு கண்ணு" என்றேன். பட்டென்று சொல்லும் வாய் அங்கேயே அடைத்துக்கொண்டது.

அவள் அப்பா முருகையன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். அளந்து பேசுவார். இனிமேல் பஸ் இல்லை, ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள் என்றார். நானும் தங்கினேன். கோயில் பக்கம் மேளம் கேட்டது, வேட்டுச் சத்தமும் கேட்டது. விசாரிக்கத் தோன்றாமல் அசந்து தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுத் தமிழரசி ஓடிவந்து மறித்தாள். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், மகளிர் குழுத் தலைவி, ஊரில் நடப்பதெல்லாம் அவள் சொற்படிதான்.

"எங்க கெளம்பிட்டீங்க? நேத்து ராத்திரி அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டுன ராத்திரி யாரு ஊருக்குள்ள தூங்குனாங்களோ, அவங்க எட்டாம் நாள் சப்பரம் வந்து முடியிற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது."

"நான் ஊர்க்காரி இல்லையே அம்மா."

"தூங்குனீங்கள்ல?"

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்பதை நான் முந்தின இரவு வாயாடித்தனமாகச் சொல்லியிருந்தேன். ஆக, தப்பிக்க வழியில்லை. சாமி நம்பிக்கை எனக்கு அரைகுறைதான். ஆனால் யாழினி என் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதற்கு மேல் வாதாட மனம் வரவில்லை. செய்தியைச் சொல்ல இன்னும் சில நாள் கிடைத்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது.

விரால் மீன் குழம்பை நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். காப்புக் கட்டிய ஊரில் மீன் கிடையாது. தாளிப்பதும் கிடையாது. கடுகு வெடிக்காத சாம்பாரை வாழ்க்கையில் முதல்முறை சாப்பிட்டேன். முருகையன் மட்டும் அதை மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டார். மறுநாள் பழகிவிட்டது. மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொல்லையிலிருந்து கொத்தவரங்காய் வந்தது, வேகவைத்து உப்புப் போட்டு. அந்தக் கொல்லையைச் சொல்லவேண்டும். கத்திரி, கொத்தவரை, வேலியில் படர்ந்த சுரை, கிணற்றடியில் மல்லிகை, ஓரமாகக் கனகாம்பரம். எல்லாம் கோகிலா வைத்துவிட்டுப் போனவை. பாத்திரம் கழுவிய தண்ணீரை யாழினி வாளியில் சேர்த்து ஒவ்வொரு செடிக்கும் ஊற்றினாள். எங்கள் அடுக்குமாடி நடைபாதையில் நான் இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன். கொசு வருகிறதா என்று அதிகாரிகள் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

"மல்லி மொட்டு வுட்டுட்டு. அம்மா வர்றப்ப பூத்துடும்" என்றாள் யாழினி. நான் குனிந்து சுரைப்பூவைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

மறுநாள் அதிகாலை உளுந்து பிடுங்கப் பெண்களோடு நானும் போனேன். பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டுமாம். வெயில் ஏறினால் காய் வெடித்து மணியெல்லாம் வயலிலேயே கொட்டிவிடும். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த வரப்புக்குப் போய்விட்டார்கள். என் முதுகைப் பற்றி அவர்கள் பேசிச் சிரித்தது நன்றாகவே காதில் விழுந்தது. "சிங்கப்பூர் அக்கா செடியப் புடுங்கல, செடிதான் அக்காவப் புடுங்குது" என்றாள் தமிழரசி. சிரிப்பு அடங்கியதும் இன்னொரு பேச்சு வந்தது. அன்று சாயங்காலம் முளைப்பாரி போடுகிறார்கள், யாழினி இந்த வருடமாவது போடுவாளா என்று. நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மாலை நடந்தது நடந்திருக்காது.

முளைப்பாரி எனக்குப் புதிது அல்ல. சிங்கப்பூரிலும் கோயிலில் பார்த்திருக்கிறேன். மண்பானையில் வைக்கோல், சாணத்தூள், மண் எல்லாம் அடுக்கி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பார்கள். பயிர் வெயில் காணாமல் வெளிறிய மஞ்சளாக வளரும். கடைசி நாள் பெண்கள் தலையில் சுமந்து நீரில் கரைப்பார்கள். இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பானை. ஊர்வலம் வரும்போது பானை வைத்த வீட்டு வாசலில் மேளம் நின்று அடிக்கும், அந்த வீட்டுப் பெண் பானையோடு வந்து சேர்ந்துகொள்வாள். பானை இல்லாத வீட்டை மேளம் நிற்காமல் கடந்து போகும்.

அன்று மாலை கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பானை. நடுவில் ஆற்று வண்டல் குவித்திருந்தது. யாழினியும் ஒரு புதுப்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பானைகளெல்லாம் நிரம்பிக்கொண்டிருந்தன. இவள் பானை மட்டும் வெறுமையாக இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கூச்சப்படுகிறது, பாவம், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி அவள் பானையில் போட்டேன்.

மண் அள்ளிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாழினி எழுந்து நின்றாள்.

"எங்க அம்மா செத்துப்போச்சா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழரசிதான் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னாள். ஒரு பெண் முதல்முறை முளைப்பாரி போடும்போது அவளுடைய அம்மா கையால்தான் முதல் மண் விழவேண்டும். அதற்குக் கைமண் என்று பெயர். ஒருமுறை அது விழுந்துவிட்டால் பிறகு வருடா வருடம் அவளே போட்டுக்கொள்ளலாம். அம்மா இல்லாத பெண்ணுக்கு மட்டும் அத்தையோ பெரியம்மாவோ போடுவார்கள். உயிரோடு இருக்கிற அம்மா விமானத்தில் போய் வேலை செய்வாள் என்று இந்த முறையை ஏற்படுத்தியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கோகிலாவும் இதைப்பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை.

"இல்ல கண்ணு, அம்மா நல்லா இருக்கா" என்றேன். "அம்மாவால இப்ப வர முடியல. இன்னும் ரெண்டு வருசம் அங்கதான் வேலை. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினா."

அத்தனை பேர் முன்னால் அப்படித்தான் அந்தச் செய்தி என் வாயிலிருந்து விழுந்தது. நான் போட்ட மண்ணைவிட மோசமாக விழுந்தது.

அவள் அழவில்லை. பானையைத் தூக்கி என் மண்ணைக் குவியலிலேயே கொட்டினாள். தட்டித் தட்டிக் கடைசித் தூள்வரை கொட்டினாள்.

"யாழினி, காலம் மாறிட்டு" என்றாள் தமிழரசி. "பெரியம்மா போட்டா ஒண்ணும் தப்பில்ல. நான் சொல்றேன், போடு."

"எனக்கு அம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெறும் பானையோடு வீட்டுக்கு நடந்தாள். கிணற்றடியில் பானையைக் கழுவி, துடைத்து, அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தாள்.

அதன் பிறகு நான் அவளுக்குப் பெரியம்மா இல்லை. "சாப்பாடு வச்சிருக்கு" என்பாள். "வெந்நி இருக்கு" என்பாள். என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. ஊரை விட்டு ஓடிவிடலாம் என்றால் காப்பு வேறு கட்டியாயிற்று. பகலெல்லாம் ஊரே ஏதாவது ஒரு வேலையில் இருந்தது. ஆண்கள் பந்தலுக்கு மூங்கில் நட்டார்கள், பெண்கள் தென்னங்கீற்று முடைந்தார்கள். கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சப்பரத்தின் நான்கு மூலையிலும் தொங்கவிடும் தொம்பைகள் கிழிந்து கிடந்தன. தொம்பை என்பது தலையணை உறைபோல நீளமான துணிக் குழல். அதன்மேல் வண்ணத்துணியில் கிளியும் யானையும் வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்திருப்பார்கள். தமிழரசி வீட்டில் மிதி மிஷின் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

தையல் எனக்கு வரும். கிளி வெட்ட வராது. நான் வெட்டிய முதல் கிளியைப் பார்த்துத் தமிழரசி, "இது கோழியா அக்கா?" என்றாள். வாசற்படியில் நின்றிருந்த யாழினி உள்ளே வந்தாள். கத்திரிக்கோலை எடுத்து, கோடுகூடப் போடாமல் ஒரே இழுப்பில் ஒரு கிளியை வெட்டி என் பக்கம் தள்ளினாள். மூக்கு, வால், எல்லாம் கச்சிதம். நான் தைத்தேன். அடுத்த கிளியைத் தள்ளினாள். இப்படியே நாலு தொம்பையும் முடிந்தன. பேச்சு மட்டும் இல்லை.

கடைசித் துணியை மடிக்கும்போது கோகிலாவிடமிருந்து போன் வந்தது. யாழினி எடுத்தாள். என் முன்னாலேயே பேசினாள்.

"ம்... போட்டாச்சும்மா. பெரியம்மாதான் கைமண் போட்டாங்க. தப்பில்லன்னு தமிழரசி அக்கா சொல்லிட்டு. ...நல்லா வளந்துட்டு. போட்டோல்லாம் எடுக்கக் கூடாதும்மா, ஒனக்குத் தெரியாதா? ...நான் ஏன் அழப்போறேன்? நீ சாப்புட்டியா?"

போனை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்களும் இப்பிடியேதான் சொல்லணும். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். நான் பானை போடலன்னு தெரிஞ்சா அம்மா அழும். அழுதா வேலை பாக்குற வீட்டுல அம்மாவத் திட்டுவாங்க."

மடித்த துணியைக் கீழே வைத்தேன். அவள் தலையைத் தொட்டேன். அவள் விலகவில்லை.

சப்பரம் வந்த நாள் ஊர் முழுக்க வெல்லமிட்ட துள்ளுமாவும் பானகமும் மணத்தன. எங்கள் கிளிகள் நான்கு மூலையிலும் ஆடிக்கொண்டு வந்தன. மேளம் ஒவ்வொரு வாசலாக நின்றது, அடித்தது, ஒரு மஞ்சள் பயிர்ப் பானை கூட்டத்தில் சேர்ந்தது, நகர்ந்தது. யாழினி, அம்மா அனுப்பிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். முருகையன் அவள் பின்னால் நின்றார். வெளிநாட்டிலிருந்து வந்த எனக்கே அந்த வாசலில் நிற்க முடியவில்லை. அவர் எப்படி நின்றாரோ தெரியவில்லை. மேளக்காரர்களில் மூத்தவர் எங்கள் வாசலுக்கு வரும்போது தலையைக் குனிந்துகொண்டார். நிற்கவில்லை. அடி மாறாமல் கடந்து போனார்கள்.

யாழினி அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். பிறகு, "வாங்க பெரியம்மா, கரைக்கிறதப் பாக்கலாம்" என்று என் கையைப் பிடித்தாள்.

ஆற்றில் தண்ணீர் ஏது? மணலில் ஊற்றுத் தோண்டி வைத்திருந்தார்கள். இடுப்பளவுப் பள்ளத்தில் கலங்கல் நீர் ஊறியிருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கிப் பயிரைக் கரைத்தார்கள். அவளுடைய வகுப்புப் பெண் ஒருத்தி தன் பானையிலிருந்து ஒரு பிடிப் பயிரைப் பிடுங்கி யாழினியிடம் நீட்டினாள். இவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வேண்டும் என்று அவள் கண் சொன்னதை நான் பார்த்தேன்.

மறுநாள் என்னை மினி பஸ்ஸில் ஏற்றிவிட அப்பாவும் மகளும் வந்தார்கள். "சொல்லிடுங்க பெரியம்மா, நல்லா வளந்துச்சுன்னு" என்றாள், பஸ் நகரும்போது. சரி என்றேன்.

தஞ்சாவூர்க் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தாளித்த சாம்பார் போட்டார்கள். பேருந்திலும் விமானத்திலும் அந்தப் பொய்யை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாடிக்கையாளரிடம் 'உங்களுக்கு இந்த அளவு பொருந்தாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவளுக்கு, பொய் சொல்லப் பயிற்சி வேண்டியிருந்தது.

கோகிலா மின்தூக்கி வாசலிலேயே நின்றாள். மூதாட்டியைத் தூங்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள். என் பெட்டியை வாங்கினாள்.

"யாழினி சொல்லுச்சுக்கா. கைமண் நீங்கதான் போட்டீங்களாமே. நல்லா வளந்துச்சா?"

"வளந்துச்சு" என்றேன். உயரத்தைக் கையால் காட்டினேன்.

"மேளம் நம்ம வாசல்ல நின்னுச்சா?"

"நின்னுச்சு."

அவள் என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கக் கூடாது.

"நல்லதாப் போச்சு. அம்மா இல்லாத புள்ளைக்குத்தான் பெரியம்மா போடுவாங்க. பரவால்ல. நான் இல்லாத மாதிரிதான? இனிமே வருசா வருசம் அவளே போட்டுக்குவா. அவளுக்கு நான் வேணாம்."

அந்தக் குழந்தையிடம் சரி என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"போடலடி" என்றேன். "நான் போட்ட மண்ணை அப்படியே கொட்டிட்டா. ஊரே சொல்லுச்சு, கேக்கல. மேளம் நிக்காமப் போச்சு. 'எனக்கு அம்மா இருக்கு'ன்னுட்டா. பானையைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கா."

கோகிலா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மின்தூக்கியிலிருந்து இறங்கிய சீனப் பெண்மணி தயங்கி நின்று, நான் தலையசைத்ததும் நகர்ந்து போனாள். நான் பெட்டி மேல் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். பிறகு நிமிர்ந்தாள். முகமெல்லாம் ஈரம், ஆனால் இத்தனை நாளில் நான் அவளிடம் பார்க்காத ஒரு சந்தோஷம் அதில் இருந்தது.

"கவுத்தா வச்சிருக்கா?" என்றாள்.

"ஆமா. அடுப்படி மூலையில."

"நல்லாத் தொடைச்சிட்டாளா?"

"நல்லாத் தொடைச்சிட்டா."

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன்.